பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு வடமோடி பழக்கி மேடை ஏத்துறது எப்படி

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இந்தமுற கூத்து ஒண்டு போடுவம் எண்டு அதிபர் ஸ்டாப் மீட்டிங்ல சொல்லியிருப்பார், சொன்ன உடன எல்லாரும் உங்களத்தான் திரும்பிப் பாத்திருப்பாங்க, ஏனெண்டா நீங்கதான் தமிழ் படிப்பிக்கிறீங்க, இல்லாட்டி நாடகமும் அரங்கியலும் எடுக்கிறீங்க, அதுவும் இல்லாட்டி போன வருசம் வில்லுப்பாட்டுக்கு உடுக்கு அடிச்ச குற்றத்துக்கு மாட்டியிருப்பீங்க. நானும் அப்படி மாட்டின ஆள்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ரெண்டு தரம் செய்து ஒண்டு நாறி, ஒண்டு ஓரளவுக்கு வந்தது. அதுல படிச்சத எழுதுறன்.

முதல்ல கதைய யோசிக்காதீங்க, உடுப்ப யோசிக்கவே வேணாம். கூத்துப் பழக்கிற அண்ணாவியாரத் தேடிப் போங்க. நான் முதல்தரம் விட்ட பிழ இதுதான், நூலகத்தில அச்சடிச்ச கூத்துப் புத்தகம் ஒண்ட எடுத்து போட்டோக் கொப்பி அடிச்சு புள்ளைகளுக்குக் குடுத்துப்போட்டு மறுகாதான் யோசிச்சன் இத எந்த மெட்டில பாடுற எண்டு. புத்தகத்தில சொல்லு கிடக்கும், மெட்டும் தாளக்கட்டும் அண்ணாவியார்ட வாயிலயும் கையிலயும்தான் கிடக்கும். வந்தாறுமூலை, கன்னன்குடா, முனைக்காடு, சீலாமுனை, அந்தப் பக்கம் தம்பிலுவில், காரைதீவு எண்டு கூத்தாடின ஊருக்குக் குறைவில்ல, உங்கட ஊர்ல யார் ஆடினது எண்டு வகுப்பில கேட்டாலே நாலு புள்ள கை உயத்தும், "எங்கட அப்பப்பா தருமராசா ஆடினவர் சேர்" எண்டு. அந்த அப்பப்பாவப் புடிச்சா அவர் அண்ணாவியார்ட படலை வரைக்கும் உங்களக் கொண்டுபோய் விடுவார்.

போனில கூப்பிட்டுக் கேக்காதீங்க. பின்னேரமா வெத்தில பாக்கோட வீட்டுக்குப் போங்க, உங்கட படிப்பு பட்டம் எல்லாத்தையும் படலைக்கு வெளிய வெச்சிட்டு ஐயா எண்டு கதையுங்க. அவருக்கு என்ன செய்யலாம் எண்டத அதிபரிட்ட முதலே கேட்டு வெச்சிருங்க, போக்குவரத்துக் காசு, சாப்பாடு, கடைசியில ஒரு வேட்டி சால்வையும் கைக்கு ஏதும், இத பழைய மாணவர் சங்கம் பொறுப்பெடுத்தா உங்களுக்குத் தலையிடி இல்ல. மறுகா ஒளிக்காமச் சொல்லுங்க: பொம்புளப் புள்ளைகளும் ஆடுவாங்க, பள்ளிக்கூடம் விட்டாப் பிறகுதான் பழகலாம், மேடையில இவ்வளவு நிமிசம்தான் எண்டு. நிமிசத்தச் சொன்னதும் அவர் சிரிப்பார். விடிய விடிய ஆடினவருக்கு அது ஒரு பாத்திரம் உள்ள ஆடி வாற வரவுக்கே காணாது. எங்கட அண்ணாவியார் ஐயா சிரிக்கவும் இல்ல, வெத்திலையத் திருப்பித் தட்டில வெச்சிட்டார், அண்டைக்குத்தான் எனக்கு பேராசிரியர் வித்தியானந்தன்ட கதை கைகுடுத்தது. பேராதனை கெம்பஸ் பொடியங்கள வெச்சு அவர் 1962ல கர்ணன் போர் போடக்குள்ள பழக்கினது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார்தான், ராத்திரி முழுக்க ஆடுற கூத்தச் சுருக்கி மேடைக்கு ஏத்தினாங்க, 1964ல வந்த இராவணேசன்ல இராவணனா ஆடின மௌனகுரு சேரும் எங்கட மட்டக்களப்பு அமிர்தகழி ஆள். செல்லையா அண்ணாவியார் பேரக் கேட்டதும் ஐயா வெத்திலைய எடுத்திட்டார்.

கூத்தில இது ரெண்டு வகை, வடமோடியா தென்மோடியா எண்டு கேப்பீங்க. தென்மோடி ஆட்டம் நுணுக்கம், ராகம் இழுவை, புள்ளைகளுக்குப் புடிபட நாளெடுக்கும். வடமோடி பாரத ராமாயணக் கதை, சண்டை, வேகம், பத்து பதினாலு வயசுப் பொடியனுக்கு அது தானா வரும். ஆனா உங்கட அண்ணாவியார் தென்மோடிக்காரர் எண்டா தென்மோடியத்தான் எடுக்கணும், அவருக்கு வராததக் கேக்கிறது மரியாதையும் இல்ல. ரெண்டையும் கலந்து ஒரு சாம்பார் வெக்கிற வேல மட்டும் வேணாம், நடுவர் மேசையில இருக்கிறவருக்கு கூத்துத் தெரிஞ்சா முதலாவது வரவிலயே புடிச்சிருவார்.

இனி வெட்டுறது. இதுலதான் முழு வேலையும் கிடக்கு. எல்லாரும் செய்யிறது என்னெண்டா கதைய முழுசா வெச்சுக்கொண்டு ஆட்டத்த வெட்டுறது, அப்ப எல்லாப் பாத்திரமும் ஓடி வந்து ரெண்டு வரி பாடிட்டு ஓடும், பாக்கிறவனுக்கு மேல்மூச்சு வாங்கும். நான் சொல்லுறது, கதைய வெட்டுங்க, ஆட்டத்த விடுங்க. நாங்க அபிமன்னன் கதைய எடுத்தம். பதின்மூண்டாம் நாள் போர், சக்கரவியூகத்துக்குள்ள போகத் தெரியும் வெளிய வரத் தெரியாது, அவ்வளவுதான் பாக்கிறவருக்குத் தெரியவேண்டிய கதை. அதுவும் பாண்டிருப்புப் பக்கம் எண்டா இதுகூடச் சொல்லத் தேவல்ல, திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில வனவாசம் தவநிலை எண்டு பாத்து வளந்த புள்ளைகள், வாத்தியாருக்கே பாரதம் சொல்லித் தருவாங்க. நாங்க வெச்சது நாலு துண்டு: கட்டியகாரன் வந்து ரெண்டு விருத்தத்தில கதையச் சொல்லிட்டுப் போவான், அபிமன்னன் வரவு, தாய் சுபத்திரையோட தர்க்கம், வியூகம். கிருஷ்ணரும் இல்ல துரோணரும் இல்ல. துரோணர் இல்லாமப் பாரதமா எண்டு அண்ணாவியார் ரெண்டு நாள் முகத்தத் தூக்கிக்கொண்டு இருந்தார், மூண்டாம் நாள் அவரே வந்து "அப்ப கட்டியகாரன்ட வாயில துரோணர்ட பேர ஒருக்காப் போடுவம் மனே" எண்டார்.

வரவில கை வெக்காதீங்க. ஒரு பாத்திரம் களரிக்குள்ள, அதாவது கூத்தாடுற வட்டத்துக்குள்ள, வந்து அந்தத் தாளக்கட்டுக்கு ஆடி, அவன் ராசாவா வேடனா மந்திரியா எண்டத காலால காட்டுறதுதான் கூத்து, அத எடுத்துப்போட்டா மிச்சம் பாட்டுப் போட்ட நாடகம்தான். எங்கட கணக்கில வரவுக்கு மட்டும் மூண்டு நிமிசத்துக்கு மேல போனது. அந்த நிமிசத்த எங்க இருந்து எடுத்த எண்டா பிற்பாட்டில இருந்து, ஊருக் களரியில நடிகர் பாடின பாட்ட பிற்பாட்டுக்காரர் திரும்ப எடுத்துப் பாடுவாங்க, நாங்க முதல் வரிய மட்டும் எடுக்கவெச்சம், தர்க்கப் பாட்டில ஆறு தரு, அதாவது ஆறு பாட்டு, இருந்தத மூண்டாக்கினம். இப்படி வெட்டின இடத்தில பொருத்து விழும், அவடத்த நீங்களா வரி எழுதி ஒட்டாதீங்க, அண்ணாவியார் ஒரு நொடியில கட்டித் தருவார், மெட்டுக்குள்ள சொல்லு உட்காந்திருக்கும். போட்டிக்கு எவ்வளவு நேரம், எத்தன பேர் எண்டதெல்லாம் அந்தந்த வருசச் சுற்றறிக்கையத்தான் பாக்கணும், போன வருசத்து ஞாபகத்தில வேல செய்து வலயப் போட்டியில போய் முழிக்காதீங்க.

புள்ளைகளத் தெரியிற நாள். வழமையா சத்தமா வாசிக்கத் தெரிஞ்ச, பேச்சுப்போட்டியில முதலாமிடம் எடுத்த அதே நாலு பேரத்தான் எடுப்பம். எங்கட அண்ணாவியார் அண்டைக்கு மத்தளத்த மடியில வெச்சுக்கொண்டு முப்பது பேரையும் மைதானத்து மண்ணில வட்டமா நடக்கவிட்டார். பாட்டு இல்ல, ஒண்டும் இல்ல, நட. மத்தளம் நிண்டா நில், கெதியா அடிச்சா கெதியா, மாத்தி அடிச்சா கிறுகு. அரை மணித்தியாலம் இதேதான், புள்ளைகளுக்கும் அலுத்துப்போச்சு எனக்கும் அலுத்துப்போச்சு, அவர் தலைய நிமித்தவே இல்ல, கால மட்டும் பாத்துக்கொண்டு இருந்தார். கடைசியில கையக் காட்டினது எட்டாம் ஆண்டில பின் வாங்கில இருக்கிற ஒருத்தன, வாசிக்கச் சொன்னா திக்குற புள்ள. "சேர் இவன் கதைக்கமாட்டான்" எண்டு மத்தப் பொடியங்கள் சிரிச்சாங்க. "கதைக்கிறத்துக்கு நீங்க இருக்கிங்கதானே, இவன் ஆடட்டும்" எண்டார். அவன்தான் அபிமன்னன். பாட்டில அவனுக்குத் திக்கவே இல்ல, அது ஏனெண்டு எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது, மெட்டுக்குள்ள சொல்லு வரக்குள்ள அவனுக்கு லேசா இருந்திருக்கும்போல.

ஓ லெவல் எழுதப்போற புள்ளைகளுக்கு முக்கிய பாத்திரம் குடுக்காதீங்க, பிற்பாட்டுக்கு விடுங்க, ரியூசன் எண்டு ரெண்டு நாள் வராட்டியும் சமாளிக்கலாம். ஒவ்வொரு முக்கிய பாத்திரத்துக்கும் இன்னொருத்தரும் கூடவே பழகட்டும், டெங்கு வந்தா என்ன செய்வீங்க. சுபத்திரைக்கு பொம்புளப் புள்ளதான், அந்தக் காலத்தில ஆம்புளையள்தான் பெண் வேசம் போட்டது, இப்ப அதப்பத்திக் கதைக்கிறவங்க குறைவு, ஆனாலும் தாய் தகப்பன வரச்சொல்லி பழகுறதப் பாக்கவிடுங்க, கடிதத்தில கையெழுத்து வாங்கிறதவிட அது நல்லம்.

பழக்கிறதுக்கு ஊர் ஒழுங்கையே வெச்சுக்கொள்ளுங்க, அதவிட நல்ல நேரசூசி நான் காணல்ல. ஊர்ல முதல்ல சட்டம் கொடுத்தல், அதாவது அவரவர் பாட்ட எழுதிக் கையில குடுக்கிறது, மறுகா ஆட்டம் பழகுறது, சதங்கை அணி, கிழமைக் கூத்து, அடுக்குப் பாத்தல் எண்ட முழு ஒத்திகை, அரங்கேற்றம். நாங்க பத்துக் கிழமைய இப்படிப் பிரிச்சம். சட்டம் கொடுக்கிற அண்டைக்கு சாமிப் படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தி, அதிபரக் கொண்டு ஒவ்வொருத்தருக்கும் கொப்பியக் குடுத்தம், கொப்பியத் துலைச்சா அடுத்த கிழம வரவேணாம் எண்டு ஐயா சொன்னதால ஒருத்தரும் துலைக்கல்ல. முதல் நாலு கிழம கால் மட்டும். எட்டுப் போடுறது, வீசாணம், குத்துமிதி, பொடியடி, இந்த ஆட்ட வகையெல்லாம் கண்ண மூடிக்கொண்டு வாற அளவுக்கு. சீமெந்து நிலத்தில பழக்காதீங்க, குதிக்கால் நோகுது எண்டு அடுத்த நாள் பாதிப்பேர் வரமாட்டாங்க, மைதானத்து மணல்ல, வெயில் சாய்ஞ்சாப் பிறகு, வெறுங்காலோட. அஞ்சாம் கிழமைதான் பாட்டு. பாடக்குள்ள கால் சிறிசா, பிற்பாட்டு எடுக்கக்குள்ள ஆட்டம் பெரிசா, இது புடிபட்டாத்தான் மூச்சு நிக்கும், இல்லாட்டி ரெண்டாவது தருவில புள்ள தண்ணி கேக்கும். சதங்கைய ஏழாம் கிழம கட்டுங்க. முதலே கட்டினா பிழையான மிதியெல்லாம் சத்தத்தில மறைஞ்சிரும். ஒவ்வொரு வெள்ளியும் அதுவரைக்கும் பழகினத முழுசா ஒருக்கா ஆடவையுங்க, அதுதான் உங்கட கிழமைக் கூத்து, சத்துணவு சமைக்கிற அம்மாக்கள் ரெண்டு பேர் பாத்தாக் காணும்.

சாப்பாடு முக்கியம். பள்ளிக்கூடம் விட்டு வெறும் வயித்தில ஆடவிட்டா மயங்கி விழுவாங்க. கடலை அவிச்சு, பிளேன்ரீ ஒண்டு. அவ்வளவுதான், ஆனா ஒவ்வொரு நாளும். கடைசி பஸ்ஸ விடாதீங்க, ஒருநாள் விட்டுப்போட்டு அஞ்சு புள்ளைகள ரெண்டு ஓட்டோவில வீடுவீடா இறக்கித் திரிஞ்சது எனக்குத்தான் தெரியும்.

மேடையப்பத்தி. வட்டக்களரியில சனம் சுத்திவர இருக்கும், அண்ணாவியாரும் பிற்பாட்டும் நடுவில நிப்பாங்க, ஆடுறவன் எந்தப் பக்கம் கிறுகினாலும் முகம் பாக்க ஆள் இருக்கும். போட்டி மேடையில ஒரு பக்கம்தான் கண். அதால மத்தளம், சல்லரி எண்ட தாளம், பிற்பாட்டு எல்லாத்தையும் மேடையில ஒரு பக்கமாச் சரிச்சு நிப்பாட்டுங்க, ஆனா ஆடுறவனுக்கு மத்தளகாரர்ட கை தெரியணும், அண்ணாவியாருக்கு அவன்ட கால் தெரியணும். வியூகத்துக்கு மட்டும் நாங்க வட்டத்த விடல்ல, எட்டுப் பொடியங்கள் வில்லோட சுத்தி ஆடி ஆடி வட்டத்தச் சுருக்கிக்கொண்டு வருவாங்க, முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேர் குந்தி ஆடுவாங்க நடுவில இருக்கிறவன் தெரியிறதுக்கு. மைக் மத்தளத்துக்குக் கிட்ட வேணாம், அது தானாக் கேக்கும். பாடுறவங்களுக்கு வையுங்க.

உடுப்பு கடைசி. வடமோடி ராசாவுக்குக் கிரீடம், கரப்புடுப்பு, புயத்தில கட்டிறது எண்டு பாரமான வேல. முதல்தரம் நாங்க காசு சேத்து வாடகைக்குக் கரப்புடுப்பு எடுத்தம், ஆடுற அண்டைக்குக் காலமதான் வந்தது, மேடைக்குப் பக்கத்துக் கதவுக்குள்ளால ராசா போக ஏலாமப்போச்சு. கோழி அடைக்கிற கரப்பு மாதிரி விரிஞ்சு கிடக்கு, கதவு ஒடுக்கம். உள்ள வரவுக்குத் தாளம் போகுது, வெளிய ராசாவச் சரிச்சு நாலு பேர் தள்ளுறம். சனம் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதில கிடக்கு. அதால அடுக்குப் பாக்கிற அண்டைக்கே முழு உடுப்போட, உண்மையான கதவால, உண்மையான படியால ஏறி இறங்கிப் பாருங்க. எட்டாம் ஆண்டுப் புள்ளைக்கு முழுப் பாரம் வேணாம், பிரம்ப வளைச்சு சின்னக் கரப்பா தையல் ரீச்சரிட்டச் சொல்லித் தைக்கலாம், கிரீடத்த காட்போட்டும் மினுங்கல் கடதாசியும் வெச்சு சித்திர வகுப்புப் புள்ளைகள் செய்வாங்க. நாடி கட்டுற நாடாவ மட்டும் ரெண்டா வையுங்க, கிறுகக்குள்ள கிரீடம் பறந்தா அவன்ட அடவும் போயிரும்.

எங்களுக்கு வலயத்தில ரெண்டாமிடம்தான் கிடைச்சது, மேல போகல்ல. போட்டி முடிஞ்சாப் பிறகு ஒரு வேல கிடக்கு, அத விட்டிராதீங்க: ஊருக்கு ஒருக்கா ஆடுங்க. பள்ளிக்கூட மைதானத்தில வட்டமா மண் கூட்டி, நாலு தடி நட்டு வெள்ளத் துணி கட்டி, பின்னேரம் ஆறரைக்கு. நேரக் கட்டுப்பாடு இல்ல, வெட்டின தரு மூண்டையும் ஐயா திரும்பப் போட்டார், பிற்பாட்டும் முழுசா. பாயோட வந்த கிழவிமாருக்கு அபிமன்னன் செத்தது காணாதாம், துரோணர் எங்க எண்டு கேட்டாங்க.

சதங்கைய மட்டும் அண்டைக்கே எண்ணி எடுத்து, துணியில சுத்தி ஸ்டோர்ல உயரத்தில கட்டித் தூக்குங்க. நிலத்துப் பெட்டிக்குள்ள போட்டா மாரிக்குப் பச்ச புடிச்சிரும். ஐயா பாடினத போன்ல ரெக்கோட் பண்ணி, கொப்பி ஒண்டோட நூலகத்தில குடுத்து வையுங்க, உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் அடுத்த ரீச்சர் அவர்ட படலைக்குப் போகக்குள்ள எந்த மெட்டு எண்டாவது தெரிஞ்சு போவா.