அரசு ஆதரவு தேடும் சிறு இதழ்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் ஒரு மாத இதழையோ பகுதிச் செய்தித்தாளையோ கைக்காசு போட்டு நடத்துகிறவர்களிடம் தவறாமல் வரும் கேள்வி: அரசாங்கம் ஏதாவது உதவி தருகிறதா? தருகிறது. ஆனால் அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் எழுத உட்காருவதிலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது.

கனடாவில் பருவ இதழ்களுக்கென்றே ஒரு நிதியம் இருக்கிறது. நாளிதழ் அல்லாத உள்ளூர்த் தாள்களும் அதில் நேரடியாகப் பணம் பெறுகின்றன. டொராண்டோவில் இருக்கும் உறவினர் சொல்லக் கேட்டு, இங்கும் அப்படியொரு மானியம் இருக்கும் என்று தேடி அலைகிறவர்கள் உண்டு. இங்கே வழி வேறு. மத்திய மக்கள் தொடர்பகமும் மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் தரும் விளம்பரங்கள், அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணம், பொது நூலகங்கள் கட்டும் சந்தா ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் ஒரு சிறு இதழுக்கு அரசிடமிருந்து வருபவை. பத்திரிகையாளர் நல வாரியத்தை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செய்தியாளருக்கானது, இதழுக்கானது அல்ல.

மூன்றுக்கும் அடிப்படை பதிவு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. நாம் ஆர்.என்.ஐ. என்று சொல்லிப் பழகிய அலுவலகம் இன்று பத்திரிகைப் பதிவுத் தலைமை அலுவலகம். விண்ணப்பம் முழுவதும் 'பிரஸ் சேவா' இணையதளத்தில்தான். ஆகவே "பதிவு வாங்கித் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண் செலவு. அவர் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கணக்கில் போட்டுவிட்டால், பிறகு உங்கள் இதழின் கடவுச்சொல்லுக்கே அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

பதிவு கிடைத்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் விளம்பரம் பெறத் தகுதியான இதழ்களின் பட்டியலில் இடம்பெற, இதழ் குறைந்தது 36 மாதம் இடைவிடாமல் வெளிவந்திருக்க வேண்டும். சிற்றிதழ் உலகில் கைக்காசு தீரும்போது ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் சேர்த்து ஒரே இதழாகப் போடும் வழக்கம் இருக்கிறது. வாசகர் மன்னித்துவிடுவார், கோப்பில் அது விட்டுப்போன ஓர் இதழாகத்தான் நிற்கும். பணம் இல்லாத மாதத்தில் பக்கத்தைக் குறையுங்கள், ஆனால் இதழை நிறுத்தாதீர்கள். நிதியாண்டு முடிந்ததும் தர வேண்டிய ஆண்டறிக்கையையும் அப்படியே மறந்துவிடுகிறார்கள். உரிய காலத்தில் தராவிட்டால் முதல் முறையே 20,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு சிறு இதழுக்கு அது ஓர் இதழின் அச்சுக்கூலி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு விற்பனை எண்ணிக்கையை ஊதிக் காட்டுவது. மத்திய அரசின் கணக்கில் 25,000 பிரதிகள் வரை சிறு இதழ், 75,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. விளம்பரக் கட்டணம் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைவதால் ஆசை வருகிறது. 1,500 பிரதி அச்சிடுகிறவர் 10,000 என்று எழுதுகிறார். சோதனைக்கு வருகிறவர்கள் அச்சகத்தின் மின் கட்டண ரசீதையும் தாள் வாங்கிய பில்லையும் கேட்பார்கள். ஒரு தாள் எட்டுப் பக்கம் தரும் டெமி கால் அளவில் 48 பக்க இதழ் ஒன்றுக்கு ஆறு டெமி தாள் வேண்டும். 1,500 பிரதிக்கு 9,000 தாள், அதாவது ரீமுக்கு 500 தாள் என்ற கணக்கில் 18 ரீம். கழிவு சேர்த்தால் இருபதை ஒட்டி வரும். 10,000 பிரதிக்கு 120 ரீம். இருபது ரீம் பில்லை வைத்துக்கொண்டு நூற்றிருபது ரீம் கதை சொல்ல முடியாது. ஆடிட்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டாரே என்றால், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆடிட்டர் இணையத்தில் பதிந்து பெறும் யு.டி.ஐ.என். என்ற தனி எண் இல்லாத சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. எண் இருந்தால் அவரும் உங்களோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். 1,500 என்று உண்மையைச் சொல்லிக் குறைந்த கட்டணத்தில் நிலைத்து நிற்கும் இதழே எனக்கு மதிப்புக்குரியது.

திருவல்லிக்கேணி அச்சகத்தை விட்டுவிட்டு, செலவு குறைகிறதென்று சிவகாசிக்கு மாறுகிறவர்கள் கடைசிப் பக்கத்து வரியைக் கவனிப்பதில்லை. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், முகவரி என்று அங்கே இருப்பதும் பதிவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றத்தை இணையதளத்தில் பதிந்த பிறகே புதிய அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புங்கள். அட்டையில் தலைப்புக்கு முன்னால் 'புதிய' என்று ஓர் அடைமொழி ஒட்டுவதும் இதே வகைச் சிக்கல்தான்.

அஞ்சல் சலுகைக்கு இரண்டு அளவுகோல்களை, 2024 வரை நடைமுறையில் இருந்த 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமே வகுத்திருந்தது: இதழ்களுக்கு இடையே 31 நாளுக்கு மேல் போகக்கூடாது, உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். காலாண்டிதழும், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீட்டு வாசலில் இலவசமாகப் போடப்படும் வாரத்தாள்களும் இதை நம்பித் திட்டமிடக் கூடாது. தகுதி உள்ளவர்களும் அனுமதி பெற்ற நாளைத் தவறவிட்டு எழும்பூர் ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் பிரிவு) வாசலில் கட்டுகளோடு நிற்பதுண்டு. சலுகை அந்த நாளுக்கும் அந்த இடத்துக்கும்தான்.

விளம்பரம் கிடைத்துவிட்டால் ரிலீஸ் ஆர்டரில், அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் ஆணையில், உள்ள தேதி, அளவு இரண்டையும் அப்படியே பின்பற்றுங்கள். இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் அரை சென்டிமீட்டர் சுருக்கினாலும் பில் திரும்பி வரலாம். விளம்பரம் வெளிவந்ததற்குச் சான்றாகத் தரும் வவுச்சர் பிரதியை அன்றே எடுத்து வையுங்கள். இதழ் தீர்ந்த பிறகு கடைகடையாகத் தேட நேரும்.

நூலகச் சந்தா பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட கன்னிமாரா நூலகத்துக்கு ஒவ்வோர் இதழையும் அனுப்புவதை விட்டுவிடுகிறார்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் நூல்களின் பிரதியைப் பதிப்பாளர் அனுப்பியாக வேண்டிய நான்கு வைப்பு நூலகங்களில் அதுவும் ஒன்று. 1956 திருத்தத்துக்குப் பின் பத்திரிகைகளுக்கும் அந்தக் கடமை உண்டு. பிரதி சேர்ந்ததற்கான ரசீதைக் கோப்பில் போட்டு வையுங்கள். இதழ் தவறாமல் வந்ததற்கு நாள் குறித்த சான்று அது.