காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது? திலகவதியாரைக் கேளுங்கள்

கடலூரில் கஷ்டம் என்று வாய் திறந்தால் போதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கரையேறிய அப்பர் கதையைச் சொல்லிவிடுவார்கள். அவர் கரையேறிய இடமென்று கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரே இங்கே இருக்கிறது. நல்ல கதைதான். ஆனால் அதில் கல் மிதந்துவிடுகிறது. நம் கல் வருஷக்கணக்கில் மிதக்காமல் கிடந்தால்? அதற்கு அவருடைய அக்கா திலகவதியாரைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சேக்கிழார் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவாமூரில் பிறந்தவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனார்கள். கணவராக வரவேண்டிய கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்தார். உயிரை விடத் துணிந்தவரைத் தம்பிதான் அழுது தடுத்தார். அந்தத் தம்பியும் பிறகு சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது நம் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிட்டார். அக்கா கெடிலக்கரையில் திருவதிகைக்குப் போனார். தம்பியைத் திருப்பித் தா என்று சிவனிடம் கேட்டபடி, விடியுமுன் கோயில் வாசலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

சரி, இதை நம் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

முதலில் கைக்கு எட்டுவதையும் எட்டாததையும் பிரித்துக்கொள்ளுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித்தோப்பு ஒரே காலையில் படுத்துவிட்டது. விழுந்த மரத்தை விறகுக்குப் பேசி விற்பது, சிட்டா அடங்கலை எடுத்துக்கொண்டு நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ.வைப் பார்ப்பது, ஒட்டுக்கன்றுக்குச் சொல்லிவைப்பது எல்லாம் எங்கள் வேலை. ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே மூன்று வருஷம் ஆகும், பலாவுக்கு இன்னும் அதிகம். அது எங்கள் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் தினமும் கன்றுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "தண்ணி ஊத்தியாச்சுல்ல, வாங்க" என்று மாமியார் கூப்பிட்டு சோறு போடுவார். மகனாயிருந்தாலும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார், அது அவர் பழக்கம்.

அடுத்தது, சாமி பேரில் ஒரு சின்ன உடல் வேலை. வேண்டுதல் வேறு, இது வேறு. வேண்டுதலில் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, 'நடந்தால் செய்கிறேன்' என்று. இதை நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கோயிலில் புல் பிடுங்குவது. அப்பர் கையில் இருக்கும் உழவாரமும் அதற்கான கருவிதானே. மழைக்கு அப்புறம் தளக்கல் இடுக்கில் அறுகு கிளம்பும். இலையைப் பிடித்து இழுத்தால் அறுந்து வரும், வேர் உள்ளேயே நிற்கும். சின்னக் களைக்கொத்தின் முனையைச் சாய்த்து இடுக்கில் விட்டு, அடியிலிருந்து நெம்பினால்தான் வெள்ளை வேரோடு வரும். கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்போது மகனின் வேலைக் கவலை வராது என்று சொல்லமாட்டேன். வரும். கை புல்லில் இருப்பதால் நீளாது. கோயிலில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டுச் சாமி படத்துக்கு நந்தியாவட்டையைத் தொடுத்துப் போடலாம். முடிந்தவரை ஒரே நேரத்தில் செய்யுங்கள், அது முக்கியம்.

வேண்டும்போது அழகாகப் பேச வேண்டாம். சூலை நோயோடு அக்காவிடம் வந்த தம்பி திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, வயிற்றுவலி தாங்கவில்லை என்ற முறையீடு. சுந்தரர் சாமியிடம் சண்டையே போட்டார். "எனக்கு முடியல, பார்த்துக்கோ" என்பதும் பிரார்த்தனைதான்.

இனி நான் கொஞ்சம் கறாராகப் பேசும் இடம். நோய் வந்த தம்பி சமையற்காரரை அனுப்பி அக்காவை அழைத்தார். இத்தனை நாள் ஏங்கியவர், அங்கே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பிதான் இரவோடு இரவாகத் தேடி வந்தார். காத்திருக்கிறோம் என்பதற்காகக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடவேண்டியதில்லை. பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்றால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பரிகாரம் சொல்வார்கள். கடன் வாங்கிச் செய்யும் பரிகாரம் எதையும் செய்யாதீர்கள். நகையை அடகு வைத்துத்தான் அருள் செய்வேன் என்று எந்தச் சாமியும் உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள், மொய் எழுதுங்கள். விசாரிப்பு தொடங்குமுன் கிளம்பிவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் போய்விட்டால் ஜி.எச்.சுக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். மருந்து சாப்பிட்டால் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஆகாது.

தம்பி திரும்பி வந்த அந்த விடியலிலும் திலகவதியார் துடைப்பத்தையும் மெழுகும் சட்டியையும் எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்குக் கிளம்பினார். கேட்டது கிடைத்ததும் வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் கலிப்பகையார் கடைசிவரை வரவில்லை என்பதும் அதே கதையில் இருக்கிறது. நம் வேண்டுதலில் எது தம்பி, எது கலிப்பகையார் என்று முன்கூட்டியே தெரியாது. கேட்டுக்கொண்டே இருக்கலாம், தேதி மட்டும் குறித்துக் கொடுக்க வேண்டாம்.

ஒருமுறை திருவதிகைக்குப் போய்வாருங்கள். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால், பண்ருட்டியிலிருந்து கோயில் பக்கம்தான். பிரதோஷத்தன்று கூட்டம் இருக்கும், வேறு நாளில் காலையிலேயே போங்கள்.