காவிரிக் கரையில் பேய்க்கதை தேடிப் போவது எப்படி?

புதிதாகக் கிளம்புகிறவர்கள் பலர் நள்ளிரவையே நினைக்கிறார்கள். டெல்டாவில் கதை தெரிந்த பெரியவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். பகலில் போங்கள்.

1. முதலில் ஒரு பழைய கதை

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் பற்றிய காதையைப் படியுங்கள். பூம்புகார்ச் சுடுகாட்டுக்குள் தனியே போன சார்ங்கலன் என்ற பையன், பிணத்தின் தலையைக் கையில் வைத்து ஆடும் பேயைப் பார்த்து மிரண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். கண் தெரியாத தாய் கோதமை அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரைத் தின்னாது என்கிறாள் அந்தத் தெய்வம், சம்பாபதி. பேயை விட அந்தத் தாய்தான் மனதில் நிற்பாள். நம் ஊர்க் கதைகள் எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். நாம் தேடிப் போவது அவரைத்தான்.

2. முதல் இடம்: திருவிடைமருதூர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிறது, பஸ் நிறைய. வரகுண பாண்டியனின் குதிரை இருட்டில் ஒரு பிராமணரை மிதித்துக் கொன்றுவிட, பிராமணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி பேய் மாதிரி அவனை விடாமல் தொடர்ந்தது. இந்த ஊர்ச் சிவன் கோயிலின் கிழக்கு வாசலில் அது நின்றுவிட்டது. ராஜா வேறு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான் என்பது கதை. கிழக்கு வாசலில் பிரம்மஹத்தியின் உருவத்தைப் பாருங்கள். அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து, வந்த வழியே திரும்பாமல் போகிறவர்களைக் கவனியுங்கள். கதை இன்னும் நடமாடுவது தெரியும்.

3. சாலையோரக் கல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நட்டு வைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல், தோள் உயரம். சுமைதாங்கி என்பார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒன்றைத் தடவிப் பார்த்தேன். மேல்கல்லின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தது. புல்லுக்கட்டோடு வந்த பாட்டி ஒருவர், "புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு வச்சது தம்பி. வயித்துச் சுமையோட போனா பாரு, அடுத்தவங்க சுமையை எறக்கி வச்சா அவ சுமையும் எறங்கும்" என்றார். சொல்லிக்கொண்டே கட்டை அதன்மேல் இறக்கி வைத்தார். "சாயங்காலம் இந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேக்கும்னு சொல்வாங்க" என்று அப்புறம்தான் சொன்னார்.

4. கேட்கும் விதம்

"இங்கே பேய் இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். கேள்வியே பேச்சை முடித்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்து, "விளக்கு வச்ச பிறகு எந்த வழியா போக மாட்டீங்க?" என்று கேளுங்கள். பலர் பேய் என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள், காத்து கருப்பு என்பார்கள். நீங்களும் அப்படியே பேசுங்கள்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. புயலை வைத்துக் கேளுங்கள். 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா? அந்தப் புளியமரம் 2018 கஜாவில் சாய்ந்ததா? மரம் போன பிறகும் கதை இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் வார்த்தையை மாற்றாமல் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

5. போகும்போது

தை அறுவடை முடிந்த பிறகு போனால் வரப்பு காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரை வழுக்கும். பாழடைந்த சத்திரங்களில் பாம்பு இருக்கும், சுவர் இடியும். ஷூ போடுங்கள், கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஊரில் சொல்லிவிட்டு உள்ளே நுழையுங்கள். பூட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

தரங்கம்பாடிக்கும் போகலாம். 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்திலேயே அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில். ஆனால் அந்தக் கரையில் ஒன்று மட்டும் வேண்டாம்: 2004 சுனாமியைப் பற்றிப் பேய்க்கதை கேட்காதீர்கள். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே வலை பின்னிக்கொண்டிருக்கலாம். அவர்களாகப் பேசினால் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.