முன்னாள் ராணுவ வீரரின் மனு: பதில் வரவைக்கும் வழி, படிப்படியாக

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பெரியப்பா இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். ராணுவத்தின் ரெஞ்சர் ரெஜிமெண்டில் சேர்ந்து, கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பேராக் காடுகளில் பல வருடம் நடந்தவர். 1948 ஜூன் 16-இல் நம் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாய் அமைதி ஒப்பந்தத்தோடு முடிந்தபோது, பெரியப்பா ராணுவத்தை விட்டு வந்து சில வருடம் ஆகியிருந்தது. பென்சனுக்குத் தேவையான சேவைக்காலம் நிறையவில்லை.

எழுபது வயதுக்கு மேல் ஆன பிறகு, பென்சன் இல்லாத முன்னாள் வீரர்களுக்கான ‘பந்துவான் சாரா ஹிடுப்’ என்ற வாழ்க்கைச் செலவு உதவிக்கு மனுப் போட்டார். பதினான்கு மாதம் பதில் இல்லை. ஏழு முறை நேரில் போனார். ஏழு முறையும் "டாலாம் புரோசெஸ், அங்கிள்" (பரிசீலனையில் இருக்கிறது) என்றுதான் சொன்னார்களாம். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை.

"யாரைப் பார்த்தீங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்ட பொண்ணுய்யா. இப்ப மாத்தலாகிப் போயிடுச்சாம்."

ஏழு முறை போனதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மனுவை யார் வாங்கினார், என்றைக்கு வாங்கினார், இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று காட்ட ஒன்றுமே இல்லாதபோது, யாரைப் பதில் சொல்லச் சொல்வது? அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை மனுப் போடுகிறவர்கள் பெரியப்பா மாதிரி அலைய வேண்டாம்.

படி 1: எந்த வாசல் என்று பாருங்கள்

பென்சன், உதவித்தொகை, வெத்தரான் (முன்னாள் படைவீரர்) அட்டை ஆகியவற்றைத் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகாரத் துறை கவனிக்கிறது. ஜே.எச்.இ.வி. என்பார்கள். 2012-ஆம் ஆண்டு வெத்தரான் சட்டம் (சட்டம் 740) வந்த பிறகு பதிவு செய்துகொள்வது முக்கியம். சேவையின்போது சம்பளத்தில் பிடித்த சேமிப்பு வேறு கணக்கு. அது 1972-இல் தொடங்கிய எல்.தி.ஏ.தி. என்ற ராணுவச் சேமநிதி வாரியத்திடம் இருக்கும். தொழிற்பயிற்சிக்குப் பெர்ஹெபாட் என்ற அமைப்பு. ஓரிடத்தில் கேட்க வேண்டியதை இன்னோரிடத்தில் கேட்டால் மாதக்கணக்கில் போய்விடும்.

அப்புறம், இதையெல்லாம் முடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் ஏஜெண்டுகளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

படி 2: ஒரு நோட்டு, ஒரு ஃபைல்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் ராணுவ எண், ஐசி (அடையாள அட்டை) எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி. அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி: தேதி, நேரம், பேசியவர் பெயர், பதவி, சொன்ன பதில். அலுவலர்களின் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும், பார்த்து எழுதலாம். தெரியாவிட்டால் "போலே சாயா தாவு நாமா?" (பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?) என்று மரியாதையாகக் கேளுங்கள். பெயர் எழுதப்படுகிறது என்று தெரிந்ததும் எங்களுக்குக் கிடைத்த பதில்கள் தெளிவாகின.

சேவைச் சான்றிதழிலும் ஐசியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் பெயர்களை மலாயில் எழுதிய கிராணிமார் (எழுத்தர்கள்) ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். வேறுபாடு இருந்தால், 1960-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதி, பெசுருஜாயா சும்பா என்ற சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட்டு மனுவோடு முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 3: சாப்பு (முத்திரை) இல்லாமல் வெளியே வராதீர்கள்

இதைத்தான் மிக முக்கியமானது என்பேன். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுங்கள், மற்றொன்றில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப்பு, தேதி, கையெழுத்து வாங்குங்கள். "தேவையில்லை அங்கிள்" என்பார்கள். "என்னோட ஃபைலுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு நின்றால் போதும். பெரியப்பா எட்டாவது முறை போனபோது நானும் கூடப் போனேன். சாப்பு குத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நீல மையைப் பெரியப்பா காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். ரசீதை அன்றே நகல் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப்போகும்.

படி 4: கேள்வியைக் கடிதமாக எழுதுங்கள்

நியாயமான காலம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் கவுண்டருக்குப் போவதை நிறுத்திவிட்டு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வரலாறு வேண்டாம், வருத்தமும் வேண்டாம். மூன்றே கேள்விகள்: என் மனு இப்போது எந்த நிலையில் உள்ளது? ஏதாவது ஆவணம் குறைகிறதா? முடிவெடுக்கும் அலுவலர் யார், எப்போது முடிவு வரும்? கடைசி வரியில் "மொஹோன் ஜவாபான் பெர்துலிஸ்", அதாவது எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.

அரசாங்கக் கடிதங்களின் மேல்பகுதியில் ‘ருஜுக்கான் காமி’ (எங்கள் குறிப்பு) என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ஃபைல் எண். ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருந்தால் அந்த எண்ணை உங்கள் கடிதத்தில் ‘ருஜுக்கான் துவான்’ (உங்கள் குறிப்பு) என்று போடுங்கள், தேடுவது அவர்களுக்குச் சுலபம். அடியில் ‘எஸ்.கே.’ என்று போட்டு, யாருக்கெல்லாம் நகல் போகிறது என்று எழுதுங்கள். நாங்கள் துறையின் தலைமை இயக்குநரையும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையும் போட்டோம்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. வங்கிக் கணக்கின் முதல் பக்க நகல் இல்லையாம். பதினான்கு மாதமாக ஒரே ஒரு தாளுக்காக ஃபைல் காத்துக் கிடந்திருக்கிறது. அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தின் அடியில் ‘சாயா யாங் மென்ஜாலான்கான் அமானா’ என்று கையெழுத்துக்கு மேலே அச்சாகியிருந்தது. ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை நிறைவேற்றுகிறவன் என்று பொருள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

படி 5: அதற்கும் பதில் இல்லையென்றால்

ஒவ்வொரு துறைக்கும் பியாகாம் பெலாங்கான் என்ற வாடிக்கையாளர் சாசனம் இருக்கும். 1993 முதல் உள்ள நடைமுறை இது. எந்த வேலையை எத்தனை நாளில் முடிப்போம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் படம் எடுத்து, உங்கள் சாப்பு தேதியையும் சேர்த்து, சிஸ்பா என்ற அரசாங்கப் புகார் இணையத்தளத்தில் புகார் போடுங்கள். புகாருக்கு ஓர் எண் கிடைக்கும், அதையும் நோட்டில் எழுதுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தற்காப்பு அமைச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் ஹன்சார்ட் என்ற நாடாளுமன்ற அறிக்கையில் பதிவாகும். ஆதாரத்தோடு ஃபைலைக் கொடுத்தால்தான் அவராலும் கேட்க முடியும்.

மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, உடனே ராயுவான் (மேல்முறையீடு) போடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: உயர்நீதிமன்றத்தில் அந்த முடிவை எதிர்க்க, 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-ஆவது ஆணைப்படி மூன்று மாதம்தான் அவகாசம். ராயுவானுக்குப் பதில் வரட்டும் என்று இருந்துவிடாமல், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் சீக்கிரமே கேட்டுவையுங்கள்.

படி 6: மனைவியின் பேருக்கும் தாள் வேண்டும்

பென்சன் வாங்குகிறவர் இறந்தால் மனைவிக்கு ‘பென்சேன் தெர்பித்தான்’ என்ற குடும்பப் பென்சன் உண்டு. அதற்குத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, பதிவே செய்யாத தம்பதிகள் நம் ஊரில் நிறையப் பேர். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணத்தை அந்தச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. ஆனாலும் கவுண்டரில் தாளைத்தான் கேட்பார்கள். இருவரும் நடமாடும்போதே, அந்தக் கல்யாணத்தைப் பார்த்த சாட்சிகள் இருக்கும்போதே, தேசியப் பதிவுத் துறைக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் போன மாதம்தான் போய்ப் பதிந்தார்கள். அந்தச் சான்றிதழும் நோட்டும் சாப்பு குத்திய பிரதிகளும் இப்போது சாமி மேடைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. டின் எங்கே இருக்கிறது என்று பெரியம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.