பூட்டை நாலு முறை இழுத்துப் பார்ப்பவரைக் கதையில் எழுதுவது எப்படி?

துப்பறியும் கதைகள்மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. திரும்பத் திரும்பக் கை கழுவுகிற ஆள் வந்தால், கடைசி அத்தியாயத்தில் அவர்தான் கொலைகாரர். நான் 16 வயதிலிருந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். குற்றக்கதைகளும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இது ஓசிடி என்கிற மனநலப் பிரச்சினை, ஆசை இல்லை. பூட்டைத் தொடுவதில் எனக்கு ஒரு சுகமும் கிடையாது. திறந்து கிடக்குமோ என்று வயிற்றைப் பிசையும். இழுத்துப் பார்த்ததும் அடங்கும். படி இறங்குவதற்குள் மறுபடி மனசு கேட்காது. இந்தச் சுற்றைத்தான் எழுத வேண்டும்.

கையை எழுதுங்கள். வலது கையில் சாவி, இடது கையால் பூட்டைக் கீழ்நோக்கி இழுப்பேன். நாலு முறை. மூன்றாவதில் யாராவது கூப்பிட்டால் கணக்குப் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து. விரல் மடிப்பில் இரும்பு வாசனை ஏறிவிடும். பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனாலும் பார்த்த மாதிரியே இருக்காது.

இதற்கு ஆய்வே உண்டு. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். நினைவு பெரிதாகப் பிசகவில்லை. அதன் மேலிருந்த நம்பிக்கைதான் தேய்ந்தது. குற்றக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் சாட்சி நிஜமாகவே கதவைப் பூட்டியவர். ஆனால் "பூட்டினீர்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் அடித்துச் சொல்ல முடியாமல் திணறுவார். இன்ஸ்பெக்டருக்கு அது பொய்யாகத் தெரியும்.

அடுத்து, பழக்கத்தைக் கதைக்குள் வேலை செய்ய வையுங்கள். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ வரும் முதல் நாவலில் (1920), கணப்படுப்பு மேடையிலிருந்த பொருள்களை அவர் வழக்கம்போல நேராக்குகிறார். ஒருமுறை நேராக்கியது மறுபடி எப்படிக் கலைந்தது என்ற கேள்விதான் ஒளித்து வைத்த கடிதத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். கத்தியைப் பார்த்ததும் 'யாரையாவது குத்திவிடுவேனோ' என்று பதறுகிறவரைக் கொலைகாரராக்காதீர்கள். ஓசிடி உள்ள பலருக்கு வருகிற எண்ணம் அது. அதை நினைத்து நடுங்கித்தான் அவர்கள் கத்தியை ஒளித்து வைக்கிறார்கள்.

கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போனாலோ, வேலையும் தூக்கமும் கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். நானும் பார்த்தேன்.

கடைசி அத்தியாயத்தில் உங்கள் கதாபாத்திரத்தைச் சட்டென்று குணமாக்கிவிடாதீர்கள். எனக்குக் கொடுத்த பயிற்சியையே கொடுங்கள்: ஒரே ஒருமுறை இழுத்துவிட்டுப் படி இறங்க வேண்டும். பதற்றம் ஏறும், அது தானாக இறங்கும்வரை திரும்பக் கூடாது. முதல் நாள் நான் ஏழாவது படியில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி நின்றேன். சாவி உள்ளங்கையில் பதிந்து வலித்தது. மேலே போகவில்லை.