பிரெஞ்சு மின் சுருக்கங்களை ஜெர்மனுக்கு மாற்றும் முன்

மின் வரைபடத்திலுள்ள பிரெஞ்சுச் சுருக்கத்தை நேராக ஜெர்மனுக்கு மாற்றாமல், முதலில் அதன் முழுச் சொற்றொடரை ஓரத்தில் எழுதி, பக்கத்திலுள்ள அளவையும் பார்த்துவிடுங்கள். 'டி.டி.ஆர். (DDR) 30 மில்லி ஆம்பியர்' என்பது மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. ஜெர்மனில் அதை 'எஃப்.ஐ.' (FI) என்று எழுத வேண்டும், ஏனெனில் மூன்றெழுத்தை அப்படியே விட்டால் அங்குள்ளவர்களுக்கு அது பழைய கிழக்கு ஜெர்மனியின் பெயர். காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் எச்.டி. லைன் என்றே பேசிப் பழகிய நாம் இன்னோரிடத்திலும் கவனமாக இருக்க வேண்டும்: பிரெஞ்சு வரைபடத்தில் 'எச்.டி.' (HT) உயர் மின்னழுத்தம்தான், ஜெர்மனில் 'எச்.எஸ்.' (HS) ஆகும்; விலைப்பட்டியலிலோ அதே எழுத்துகளுக்கு 'வரி நீங்கலாக' என்று பொருள். டி.என். (TN), டி.டி. (TT), ஐ.டி. (IT) என்னும் எர்த் முறைகளுக்கும் பி.இ. (PE) எனப்படும் பாதுகாப்பு எர்த் கம்பிக்கும் இந்த வழி வேண்டாம். பன்னாட்டுத் தரக் குறியீடுகளாதலால் அவை இரு மொழிகளிலும் மாறுவதில்லை.