7 அப் புள்ளிப் பையனைக் கணினியில் ஓடவிடுவது எப்படி: ‘பால்’ ஊற்றிக் கெடுத்த கதையோடு

போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த அத்தை பையன், பெட்டிக்குள் சாக்லேட்டோடு சேர்த்துப் பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் போட்டுக்கொண்டு வந்தான். சேகா ஜெனிசிஸ் என்கிற கேம் கன்சோலுக்கு 1993இல் வந்த ‘கூல் ஸ்பாட்’ விளையாட்டு. கன்சோல் கிடையாது, கார்ட்ரிட்ஜ் மட்டும். “நீதான் பழசெல்லாம் நோண்டுவியே, ஓட்டிக் காட்டு” என்றான். ஓட்டிக் காட்ட மூன்று ராத்திரி ஆனது. அதில் இரண்டு ராத்திரி என் முட்டாள்தனத்துக்குப் போனது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

கூல் ஸ்பாட் யார் என்று கேட்பவர்களுக்கு: 7 அப் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதல்லவா, அதுதான். அதற்குக் கை கால் வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, அமெரிக்க விளம்பரங்களில் நடமாட விட்டார்கள். நமக்கு 7 அப் என்றால் முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும் ஃபிடோ டிடோதான். தொண்ணூறுகளில் டிவி பார்த்தவர்களுக்கு அவனைச் சொல்லத் தேவையில்லை. அவனை வைத்தும் கனேகோ கம்பெனி ஒரு விளையாட்டு செய்து, கடைசியில் வெளியிடாமலே விட்டுவிட்டது. சீட்டோஸ் சிறுத்தை செஸ்டரை வைத்து விளையாட்டு வெளியிட்டதும் அதே கனேகோதான்.

இனி வேலைக்கு வருவோம். ரோம் (கார்ட்ரிட்ஜில் இருக்கும் விளையாட்டின் நகல் கோப்பு) எங்கே கிடைக்கும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கையில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது.

படி 1: துடையுங்கள்

ஜெனிசிஸ் கார்ட்ரிட்ஜைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியாது. 3.8 மில்லிமீட்டர் ‘கேம்பிட்’ என்கிற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும், ஆன்லைனில் கிடைக்கும். திறந்தால் பச்சைப் பலகையின் விளிம்பில் செப்பு நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். மொபைல் ரிப்பேர் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தருவார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பற்களின் நீளவாக்கிலேயே இழுத்துத் துடையுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், நாலாவது வெள்ளையாக வரும். அப்போது நிறுத்தலாம்.

வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் எல்லாரும் ஊதினோம், வேலையும் செய்தது. உண்மையில் வேலை செய்தது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பற்கள் அரிக்கும், அவ்வளவுதான்.

படி 2: டம்ப் எடுங்கள்

டம்ப் என்றால் கார்ட்ரிட்ஜில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுப்பது. நண்பரிடம் கார்ட்ரிட்ஜைப் படிக்கும் ‘ரெட்ரோட் 2’ கருவி இருந்தது, வாங்கி வந்தேன். யுஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும். உள்ளே கார்ட்ரிட்ஜ் ஒரு கோப்பாகத் தெரியும், இழுத்துக் கணினியில் போட வேண்டியதுதான். பக்கத்தில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஜெனிசிஸுக்கு 5. சோல்டரிங் தெரிந்தவர்கள் அர்டுயினோ மெகா வைத்துத் தாங்களே செய்துகொள்ளும் ஓப்பன் சோர்ஸ் கார்ட்ரிட்ஜ் ரீடரும் உண்டு. எனக்குக் கை நடுங்கும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு தடவை எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் செருகி இரண்டாவது டம்ப் எடுங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி எண் (கோப்பின் கைரேகை மாதிரி) பார்க்கலாம். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வேறுவேறாக வந்தால் படி 1க்குத் திரும்புங்கள், பல் இன்னும் அழுக்கு. கோப்பின் அளவு 1 எம்பி இருக்கும்.

படி 3: எமுலேட்டர்

எமுலேட்டர் என்பது கணினியைப் பழைய கன்சோல் போல நடிக்க வைக்கும் மென்பொருள். ரெட்ரோஆர்க், அதற்குள் ஜெனிசிஸாக நடிக்கும் பகுதியான ‘ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ்’ கோர். வேறு பல உண்டு, எல்லாம் நல்லவைதான், ஆனால் நான் இதைத்தான் சொல்வேன். மெனு முதலில் தலைசுற்ற வைக்கும். பழகியபின் வேறு எதற்கும் மனசு போகாது. நிறுவுவதை விளக்கப் போவதில்லை, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் அடித்தாலே முடிந்துவிடும்.

படி 4: இங்கேதான் நான் விழுந்தேன்

கோர் ஆப்ஷன்ஸில் ‘சிஸ்டம் ரீஜன்’ என்று ஒன்று இருக்கிறது. ஆட்டோ, என்டிஎஸ்சி-யு (அமெரிக்கா), பால் (ஐரோப்பா), என்டிஎஸ்சி-ஜே (ஜப்பான்) என்று நாலு. என்டிஎஸ்சி, பால் (PAL) இரண்டும் பழைய டிவி முறைகள். நான் என்ன செய்தேன்? விசிஆர் காலத்திலிருந்து ஊறிப்போன பழக்கம். அப்போது நம்ம ஊர் டிவி பால் முறை, டெக்கிலும் பால்தான் வைப்போம், வீடியோ கேமராவிலும் அதேதான். யோசிக்காமல் ‘பால்’ வைத்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன்.

ஓடியது. அதுதான் சிக்கலே. ஓடாமல் கறுப்புத் திரை வந்திருந்தால் அங்கேயே தேடியிருப்பேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. பழைய விளையாட்டுக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பையன் மணலில் நடந்தான், குதித்தான், இறங்கினான். எல்லாம் வயிற்றில் கல் கட்டியது போல. இதையா அந்தக் காலத்தில் பெரிய அனிமேஷன் என்று புகழ்ந்தார்கள்? குளிர்பானம் விற்கச் செய்த விளையாட்டு வேறு எப்படி இருக்கும் என்று முகம் சுளித்துக்கொண்டு மூடினேன். மறுநாள் டம்ப் கெட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் மூன்றாவது, நாலாவது டம்ப் எடுத்தேன். சிஆர்சி ஒன்றே.

நடந்தது இதுதான். அமெரிக்க ஜெனிசிஸ் விநாடிக்குச் சுமார் 60 தடவை திரையை வரையும். ஐரோப்பிய பால் மெகா டிரைவ் (பெயர்தான் வேறு, பெட்டி ஒன்றே) சுமார் 50 தடவை. இந்த மாதிரி விளையாட்டுகளில் பையன் ஒரு தடவை திரை வரையும்போது இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் கணக்கு எழுதியிருப்பார்கள்; கடிகாரம் பார்த்து அல்ல. ஆகவே 60க்கு எழுதியதை 50இல் ஓட்டினால், 5 விநாடியில் முடிய வேண்டியது 6 விநாடி இழுக்கும். பல விளையாட்டுகளில் பாட்டும் சேர்ந்து இழுக்கும். கறுப்புப் பட்டையும் அங்கிருந்து வந்ததுதான்: பால் திரையில் கோடுகள் அதிகம், 224 கோட்டுக்கு வரைந்த படம் அதை நிரப்பாது.

சரிசெய்வது எளிது. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜுக்கு என்டிஎஸ்சி-யு வையுங்கள். விளையாட்டை முழுக்க மூடித் திறங்கள். ‘டிஸ்பிளே ஃபிரேம்ரேட்’ என்பதை ஆன் செய்தால் திரை மூலையில் எண் தெரியும்: 59.92 பக்கம் இருந்தால் சரி, 49.70 பக்கம் இருந்தால் இன்னும் பாலில்தான் மிதக்கிறீர்கள். நான் எண்ணை நம்பாமல், 7 அப் பாட்டில் மேல் பையன் அலையில் சறுக்கி வரும் தொடக்கக் காட்சியை இரண்டு விதமாகவும் ஓட்டி, போன் ஸ்டாப்வாட்ச்சில் அளந்து பார்த்தேன். 6க்கு 5, அச்சு அசலாக.

இன்னொன்று. ரெட்ரோஆர்க் இந்த மாற்றத்தைக் கோர் முழுமைக்கும் சேமித்துவிடும். ‘மேனேஜ் கோர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘சேவ் கேம் ஆப்ஷன்ஸ்’ கொடுத்தால் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் நிற்கும். செய்யாவிட்டால் அடுத்த கார்ட்ரிட்ஜில் வேறு கூத்து.

படி 5: கையில் பிடிப்பது

கீபோர்டில் ஆடாதீர்கள். குதித்துக்கொண்டே மேலே, குறுக்கே எல்லாம் சோடாக் குமிழி எறிய வேண்டும், விரல் பின்னிக்கொள்ளும். சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர் போதும். அனலாக் குச்சியைத் தொடாமல், சிலுவைப் பட்டனிலேயே ஆடுங்கள். லேட்டன்சி பகுதியில் ‘ரன்-அஹெட்’டை ஒரு ஃபிரேம் வைத்தால் பட்டன் அழுத்தியதும் குதிக்கும். திரை விகிதம் 4:3. அகலத் திரைக்கு இழுத்து உருண்டைப் பையனை இட்லி ஆக்குபவர்களிடம் பேசுவதற்கு எதுவுமில்லை.

இப்போது ‘ஷெல் ஷாக்’ என்கிற முதல் கடற்கரையை ஆடிப் பாருங்கள். மூலையில் உயிர் காட்டும் பையனின் படம், அடி விழ விழ ஸ்டிக்கர் மாதிரி உரிந்து தொங்கும். அந்த உரிதலை நான் ‘பால்’ ராத்திரியில் கவனிக்கவே இல்லை. வழியில் சிவப்புப் புள்ளிகளைப் போதுமான அளவு பொறுக்கினால்தான் கடைசிக் கூண்டின் பூட்டை உடைத்து, உள்ளே இருக்கும் இன்னொரு புள்ளியை விடுவிக்க முடியும். ஓடிப்போய்க் கூண்டுக்கு முன் நின்றுகொண்டு பூட்டு உடையவில்லையே என்று டம்பைச் சந்தேகப்படாதீர்கள். (ஆம், அதையும் செய்தேன்.)

இந்த விளையாட்டின் நிரலை எழுதிய டேவிட் பெர்ரி, அதற்கு முந்தைய வருடம் மெக்டொனால்ட்ஸுக்காக ‘குளோபல் கிளாடியேட்டர்ஸ்’ செய்தவர். இதே 1993இல் மெகா டிரைவுக்கு ‘அலாதீன்’, அடுத்த வருடம் ‘எர்த்வார்ம் ஜிம்’. பர்கர், சோடா, அப்புறம் மண்புழு. மூன்றையும் வரிசையாக ஆடினால் ஒரே கை என்று குதிப்பதிலேயே தெரியும்.

பிற்சேர்க்கை 1: இப்படிக் கம்பெனிச் சின்னம் வைத்த வேறு விளையாட்டுகளுக்கும் இதே முறைதானா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜ் என்றால் ஆம். டோமினோஸின் ‘யோ! நாயிட்’, மெக்டொனால்ட்ஸின் ‘எம்.சி. கிட்ஸ்’ இரண்டும் நின்டெண்டோ என்இஎஸ் கார்ட்ரிட்ஜ். ரெட்ரோட்டின் துளையில் நேரே நுழையாது, கோரும் வேறு. ‘நாயிட்’ வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது ஜப்பானில் நிஞ்சாப் பையனை வைத்து வந்த விளையாட்டு. அமெரிக்காவுக்கு வரும்போது ஆளை மாற்றி பீட்சா ஊட்டினார்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘எம்.சி. கிட்ஸ்’. தலைகீழாக நடக்கும் இடங்களுக்காகவே.

பிற்சேர்க்கை 2: லண்டனிலிருந்து ஒரு வாசகர், நான் சொன்னபடி என்டிஎஸ்சி-யு வைத்தும் தன்னுடையதில் ஏதோ மாறியிருக்கிறது, போனஸ் கட்டத்தில் யு-என்-சி-ஓ-எல்-ஏ என்ற எழுத்துகள் வரவில்லை, டம்ப் கெட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை அண்ணா, உங்களுடையது ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜ். ‘அன்கோலா’ என்பது அமெரிக்க விளம்பர வாசகம். ஐரோப்பாவிலும் 7 அப்புக்கு முகம் ஃபிடோ டிடோதான் என்பதால், அங்கே போனபோது 7 அப் அடையாளங்களைக் கழற்றிவிட்டு வெளியீட்டாளர் பெயரையே போட்டார்கள்: வி-ஐ-ஆர்-ஜி-ஐ-என். உங்களுக்கு ஆட்டோ போதும். பால் வந்தால் வரட்டும், அது உங்கள் ஊர்ப் பால்.